தலையில் பனி, காலில் சூடு

மார்கழி விடியலில் வடசென்னையின் நெட்டுக்குப்பத்துக் கரையில் நின்றால் குளிர் முதலில் காதைத்தான் பிடிக்கும். துண்டைக் காதோடு சேர்த்து இறுக்கிக் கட்டிய நாலைந்து பேர் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். டீ கிளாசை இரு கையாலும் பொத்திப் பிடித்திருந்த இளைஞர் கேட்டார்: "இன்னாண்ணே, இந்தக் குளுரு குளுருது. பூமி சூடாவுதுன்றாங்க?" வலைக்கண்ணில் சிக்கிய நண்டுக்காலை விடுவித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிராமலே பதில் சொன்னார்: "ஆத்துல போய் கால வையி. சூடாவுதா இல்லியான்னு அதுவே சொல்லும்."

ஆறு என்று அவர் சொன்னது கொசஸ்தலை கடலில் கலக்கும் கழிமுகத்தை. அதன் வடகரையில் அனல்மின் நிலையத்தின் சுடுநீர் வந்து விழுகிறது. அந்தப் பக்கம் இறால் பிடிக்க இறங்குகிறவர்களுக்கு மார்கழியிலும் கால் வெதுவெதுக்கும். தலைக்கு மேலே வாடை, முழங்காலுக்குக் கீழே வெந்நீர். இளைஞர் தலையைச் சாட்சியாக அழைத்தார். பெரியவர் காலைச் சாட்சியாக அழைத்தார். ஒருவர் குளிரைக் கொண்டு புவி வெப்பமாதலை ஐயுறுகிறார். மற்றவர் சூட்டைக் கொண்டு அதை நிலைநாட்டுகிறார். இந்தக் குளிரையும் அந்தச் சூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். எதிரிகளாக வந்து நின்றவை, பார்க்கப் பார்க்கப் பங்காளிகளாகத் தெரிந்தன.

பிறந்த திசையிலேயே உறவு தொடங்குகிறது. இரண்டும் நெட்டுக்குப்பத்துக்கு வடக்கிலிருந்து வருகின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்ததும், நிலம் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. உலர்ந்த வாடைக்காற்று மிச்சத்தையும் வழித்துக்கொண்டு போகிறது. அதுதான் குளிர். நீராவியைத் திரும்பத் தண்ணீராக்குவதற்காகக் கடல்நீரை உறிஞ்சும் மின்நிலையம், அந்த நீராவியின் வெப்பத்தை ஏற்றி அதே நீரை வெளியே விடுகிறது. அதுதான் சூடு. முன்னது வெப்பத்தை இழந்ததால் உண்டானது, பின்னது வெப்பத்தைப் பெற்றதால் உண்டானது. இரண்டிலும் பூமியின் மொத்தக் கணக்கில் எதுவும் கூடவோ குறையவோ வேண்டியதில்லை. வெப்பம் இடம் மாறினாலே போதும்.

அளவைப் பார்த்தபோது நான் சற்று நேரம் அசந்து நின்றேன். சென்னையின் ஜனவரி விடியலுக்குச் சராசரி ஏறக்குறைய 21 டிகிரி செல்சியஸ். நுங்கம்பாக்கம் வானிலை நிலையப் பதிவேட்டில் உள்ள மிகக் குறைந்த எண் 13.9. அது 1895 டிசம்பர் 11 அன்றும் 1905 ஜனவரி 29 அன்றும் எழுதப்பட்டது. ஆக, நகரம் கண்ட கடுங்குளிர் வழக்கத்திலிருந்து ஏழு டிகிரி இறக்கம். மறுபக்கம், கடலோரத்தில் புதிதாக அமையும் அனல்மின் நிலையம் வெளிவிடும் நீரால், அது போய்ச் சேரும் நீரின் வெப்பம் 7 டிகிரிக்கு மேல் உயரலாகாது என்பது நம் நாட்டுச் சுற்றுச்சூழல் விதி. சட்டம் பொறுத்துக்கொள்ளும் சூடு ஏழு டிகிரி ஏற்றம். கீழே ஏழு, மேலே ஏழு. இவ்விரண்டுக்கும் நடுவில், எந்தக் காதும் எந்தக் காலும் உணராத ஒரு சிறிய எண் இருக்கிறது. தொழில்மயத்துக்கு முந்தைய காலத்தை ஒப்பிட்டால் 2024-ஆம் ஆண்டில் உலகின் சராசரி வெப்பம் ஏறக்குறைய 1.55 டிகிரி கூடியிருந்தது என்று உலக வானிலை அமைப்பு கணக்கிட்டது. வழக்கின் பொருள் ஒன்றரை டிகிரி. சாட்சிகள் இருவரும் பேசுவதோ ஏழு டிகிரி. குரலில் அவர்களுக்கு நாலு மடங்குக்கு மேல் வலு. அதனால்தான் நாம் அவர்கள் பக்கமே திரும்பிவிடுகிறோம்.

ஆயுளிலும் இருவரும் ஒரே குடும்பம். எட்டு மணி வெயில் ஏறினால் காதில் கட்டிய துண்டு தோளுக்கு இறங்கிவிடும். கடுங்குளிர் என்று பேசப்படுவதும் சில நாள் கதைதான். மின்நிலையம் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டால், ஏற்றமும் வற்றமும் மாறி மாறி வந்து ஆற்றுநீரை அதன் பழைய பதத்துக்குக் கொண்டுவந்துவிடும். குளிர் சூரியனுக்குக் கட்டுப்பட்டது, சூடு கொதிகலனுக்குக் கட்டுப்பட்டது. அந்த ஒன்றரை டிகிரிக்கு மட்டும் அணைப்பதற்கு ஒரு விசையும் இல்லை, கரைந்துபோக ஒரு மூலையும் இல்லை.

ஆயுள் குறைவு என்பதற்காகக் குளிரை அற்பமாக நினைத்துவிடக் கூடாது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரை கடந்தது. அந்த நாட்களில் புயலின் சுழற்சி வடக்கிலிருந்து குளிர்ந்த காற்றைத் தெற்கே இழுத்துவந்தது. இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் மாடும் ஆடுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் விறைத்து இறந்தன. வெட்டவெளியில் மழையும் காற்றும் சேர்ந்து அடிக்க, ஒதுங்க நிழலற்று நின்ற மந்தைகள் அவை. முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ மாட்டை இழந்தவரிடம் போய் உலகச் சராசரியைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வராது. அந்தக் குளிர் உண்மை. அது கொன்றதும் உண்மை. அதைக் கொண்டு பூமி குளிர்கிறது என்று சொல்ல முடியாது என்பதும் அதே அளவு உண்மை.

இதற்கு நேர் எதிரே வைக்க 2003 மே மாதம் இருக்கிறது. அந்த மே மாதத்திலும் வங்கக்கடலில் ஒரு புயல் சுழன்றது. ஈரக்காற்றை அது தன் பக்கம் இழுத்துக்கொண்டு போக, ஆந்திரத்தில் அனல் வீசி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே மாதம் 31-ஆம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. சென்னையின் உச்சம் இன்றும் அதுதான். ஒரே கடல் டிசம்பரில் ஒரு சுழற்சியால் குளிரைக் கொண்டுவந்து கொட்டியது. மே மாதத்தில் இன்னொரு சுழற்சியால் அனலுக்கு வழி திறந்தது. மாண்டஸ் குளிரை வைத்து வெப்பமாதலை மறுப்பது பிழையென்றால், 2003-இன் அந்த ஒரு நாளை மட்டும் வைத்து அதை நிறுவுவதும் பிழையே. பிந்திய பிழை நம் பக்கத்து ஆட்களே செய்வது என்பதால் நாம் அதைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறோம்.

முந்திய பிழைக்கு உலகப் புகழே உண்டு. 2015 பிப்ரவரியில் அமெரிக்க செனட் உறுப்பினர் ஜேம்ஸ் இன்ஹோஃப் ஒரு பனி உருண்டையை அவைக்குள் கொண்டுவந்து காட்டி, வெளியே எவ்வளவு குளிர் பாருங்கள் என்றார். அந்த 2015 முடிந்தபோது, அதுவரை அளந்த ஆண்டுகளிலேயே அதுதான் மிகச் சூடானதாக இருந்தது. நம் தில்லியிலும் இப்படிக் கடுங்குளிரும் சூடான ஆண்டும் சேர்ந்தே வந்தன. 2019 டிசம்பர் 30 அன்று சப்தர்ஜங்கில் பகல் உச்சமே 9.4 டிகிரி, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே அப்படியொரு டிசம்பர் பகல் இருந்ததில்லை. உலக அளவில் அந்த ஆண்டு அன்றைய நிலையில் இரண்டாவது சூடான ஆண்டு. ஒரு ஊர் நடுங்கும்போது வேறு பல ஊர்கள் வழக்கத்தைவிட வெந்துகொண்டிருக்க முடியும். சராசரி என்பது எல்லா ஊரையும் கூட்டி வகுத்தது.

இளைஞரின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பூமி சூடாகிறது என்பவர்கள் இந்தக் குளிருக்கும் விளக்கம் தர வேண்டும் என்றுதான் அவர் கேட்கிறார். விளக்கம் எளியது: ஒன்றரை டிகிரி கூடினாலும் மார்கழி மார்கழிதான், கடுங்குளிர் நாட்கள் அரிதாகும், அற்றுப்போகா. வடதுருவம் சூடாவதால்தான் குளிர்காற்று தெற்கே வழிகிறது என்று ஒரு கருத்தும் உண்டு. ஆய்வாளர்களுக்குள்ளேயே அது இன்னும் விவாதத்தில் இருப்பதால், குளிரையும் வெப்பமாதலின் கணக்கிலேயே எழுதிவிடும் அவசரம் எனக்கு இல்லை.

பெரியவரின் பதிலில்தான் எனக்கு அதிகக் கவலை. ஆற்றுச் சூட்டைப் புவி வெப்பமாதல் என்று சொல்லிவிட்டால், அந்தச் சூடு உலகம் முழுவதற்கும் பொதுவாகிவிடும்; பொதுவானதற்கு யாரிடம் போய் முறையிடுவது? இந்தச் சூட்டுக்கு முகவரி இருக்கிறது. எந்தக் குழாயிலிருந்து, எந்தக் கால்வாய் வழியாக, எத்தனை டிகிரியில் வருகிறது என்று ஒரு வெப்பமானியை வைத்துக்கொண்டு ஒரே நாளில் அளந்துவிடலாம். விதி இருக்கிறது, கேட்க ஆணையம் இருக்கிறது, ஆறவிட்டு அனுப்பும் தொழில்நுட்பமும் இருக்கிறது. கடலரிப்பிலும் இதே சிக்கல். சென்னைத் துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவர்கள் தெற்கே மெரினாவில் மணலைச் சேர்த்து, வடக்கே ராயபுரம் முதல் கரையைப் பசியோடு விட்டன. அது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிய கதை. கடல்மட்டம் உயர்வது அந்தக் காயத்தின் மேல் வந்து விழும் இரண்டாவது அடி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் முதல் அடியைக் கொடுத்தவர் கணக்கு தீர்க்காமலே போய்விடுவார். வடசென்னைக்கு அந்த அநியாயம் வேண்டாம்.

இனி, இந்த ஒப்பீட்டில் நான் எதிர்பாராத இடத்துக்கு வருகிறேன். நிமிர்ந்து புகைபோக்கியைப் பாருங்கள். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017 வரை நிலக்கரி எரித்தது. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் இன்றும் எரிகிறது. நிலக்கரி எரியும்போது கந்தகப் புகை எழுந்து நுண்துகளாக மாறுகிறது. அந்தத் துகள் வெயிலைத் திருப்பி அனுப்பிப் பூமியைக் குளிர்விக்கிறது. அதே புகைபோக்கியிலிருந்து எழும் கரியமில வாயு வெப்பத்தை வெளியே விடாமல் பூமியைச் சூடாக்குகிறது. குளிரும் சூடும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். துகளின் ஆயுள் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். ஒரு நல்ல மழையில் மண்ணுக்கு வந்துவிடும், வரும் வழியில் எண்ணூர்க் குழந்தைகளின் நுரையீரலுக்குள்ளும் போகும். கரியமில வாயுவின் கணிசமான பங்கு நூற்றாண்டுக் கணக்கில் காற்றிலேயே நிற்கும். மனிதர் விட்ட இத்தகைய துகள்கள் உலக வெப்பத்தில் சுமார் அரை டிகிரி வரை மறைத்துவைத்திருப்பதாக அறிவியல் மதிப்பிடுகிறது. சீக்கிரம் வந்து சீக்கிரம் போவது குளிர். மெல்ல வந்து தங்கிவிடுவது சூடு. கரையில் அந்த விடியலில் கண்ட கணக்கு மேலேயும் அப்படியே இருந்தது.

தலையையும் காலையும் விலக்கிவிட்டால் யாரைச் சாட்சிக்கு அழைப்பது? முதலில் பதிவேட்டை. 1792 முதல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் இருந்தது. சென்னையைப் போல நீண்ட வானிலைக் கணக்கு வைத்திருக்கும் நகரங்கள் ஆசியாவில் குறைவு. அந்தக் கணக்கில் மிகக் குறைந்த எண் 1895-க்கும் 1905-க்கும் உரியது, மிக அதிக எண் 2003-க்கு உரியது. 120 ஆண்டுகளாகக் குளிரின் சாதனையை எந்த மார்கழியும் தையும் முறியடிக்கவில்லை. ஆனால் பதிவேட்டையும் குறுக்கு விசாரணை செய்யத்தான் வேண்டும். 1895-இன் நுங்கம்பாக்கத்தில் தோப்பும் ஏரியும் இருந்தன. இன்று கான்கிரீட் பகல் வெயிலைப் பிடித்துவைத்து இரவில் விடுகிறது. விடியல் குளிர் குறைந்ததில் நகரத்தின் பங்கும் உண்டு.

கான்கிரீட் இல்லாத சாட்சி நெட்டுக்குப்பத்துக்குக் கிழக்கே இருக்கிறது. பூமியில் சேரும் மிகை வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951-க்கும் 2015-க்கும் இடையில் சராசரியாக ஏறக்குறைய 1 டிகிரி சூடேறியது என்று இந்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது. வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு ஏறக்குறைய 3.3 மில்லிமீட்டர் உயர்ந்தது என்றும் சொல்கிறது. மூன்று மில்லிமீட்டர் என்பது வலை நூலின் பருமனோடு ஒப்பிடும் அளவு. ஆனால் நீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்று பார்க்க இந்தக் கரையில் யாரும் ஒற்றை அலையை நம்புவதில்லை. தூண்டில் வளைவின் பாறையில் ஈரம் எதுவரை படிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அலை ஆளுயரம் எழுந்தாலும் கண் பாறையை விட்டு அகலாது.

அன்று படகு கிளம்பியபோது வெளிச்சம் வந்துவிட்டது. முகத்துவாரத்தில் இரண்டு தண்ணீரும் கலக்கும் இடம் நிற வேறுபாட்டிலேயே தெரியும். ஆற்றுப் பக்கம் சாம்பல் கலந்த கலங்கல், கடல் பக்கம் பச்சை. இளைஞர் படகைத் தள்ளுவதற்காக இடுப்பளவு இறங்கினார். "கடத்தண்ணி சில்லுன்னு கீதுண்ணே" என்றார். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் என்ஜின் கயிற்றை இழுத்தார்.