மக்களே செய்தியாளர்கள்: தென்கொரியா தரும் பாடம்

செய்தியை எழுதுவோர் சிலர், படிப்போர் பலர் என்பதே நெடுங்கால வழக்கம். இணையம் அந்த வேலியைப் பிரித்தது. அதற்கு முன்னோடிச் சான்றாக விளங்குவது தென்கொரியாவின் ‘ஓமைநியூஸ்’ இணைய இதழ்.

ஓ இயொன்-ஹோ என்ற பத்திரிகையாளர் 2000 பிப்ரவரி 22-ஆம் நாள் அதனைத் தொடங்கினார். ஒவ்வொரு குடிமகனும் செய்தியாளரே என்பது அதன் முழக்கம். தொடக்கத்தில் எழுத முன்வந்தோர் 727 பேர். பழைமைவாதப் போக்குடைய பெரிய நாளிதழ்களில் இடம் கிடைக்காத குரல்கள் இங்கே ஒலித்தன.

2002 ஜூன் மாதம் அமெரிக்க இராணுவ வாகனம் மோதி இரு பள்ளி மாணவியர் மாண்டனர். நவம்பரில் அவ்வாகனத்தின் வீரர்கள் இருவரும் அமெரிக்க இராணுவ நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டனர். மெழுகுவத்தி ஏந்தி அஞ்சலி செலுத்துவோம் என ஒருவர் இணையத்தில் விடுத்த அழைப்பு ஓமைநியூசில் செய்தியானது; மக்கள் திரண்டனர். டிசம்பரில் அதிபர் தேர்தலில் வென்ற ரோ மூ-ஹியுன், உள்நாட்டு ஊடகங்களுள் இவ்விதழுக்கே முதல் பேட்டியளித்தார்.

ஆனால், அழைப்பு விடுத்தவரும், அதைப் பிறர் அழைப்புபோல் செய்தியாக்கியவரும் ஒருவரே என்பது பின்னர் தெரியவந்தது. மாணவியரின் மரணம் உண்மை. மக்களின் சினமும் உண்மை. ஆயினும், நிகழ்ச்சியை உருவாக்குபவரே அதற்குச் சாட்சியும் சொன்னால் வாசகர் எதை நம்புவது?

எல்லை கடந்தபோது சிக்கல் பெருகியது. 2004-இல் ஆங்கிலப் பதிப்பு பிறந்தது. உள்நாட்டுச் செய்தியை ஊழியர்களால் சரிபார்க்க முடிந்தது. உலகின் மறுகோடியிலிருந்து வருவதை ஒருசில ஆசிரியர்கள் எப்படிச் சோதிப்பது? அப்பதிப்பு 2010-இல் செய்திக் கட்டுரைகள் வெளியிடுவதை நிறுத்தியது. 2006-இல் தொடங்கிய ஜப்பானியப் பதிப்பும் சில ஆண்டுகளில் மறைந்தது. விளம்பர வருமானம் குன்றியதால், 2009-இல் தாய் இதழே மாதம் 10,000 வோன் சந்தா தருமாறு வாசகர்களை வேண்டியது.

பொறுப்பு யாருக்கு என்ற கேள்வி மலேசியாவிலும் எழுந்தது. வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக, 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் ‘மலேசியாகினி’ செய்தித்தளத்திற்கு 500,000 வெள்ளி அபராதம் விதித்தது. எழுதியது பலர், சுமந்தது ஒரு நிறுவனம். அத்தொகையைச் சில மணி நேரத்தில் திரட்டித் தந்ததும் பொதுமக்களே.

கைப்பேசி வைத்திருப்போர் அனைவரும் இன்று செய்தி அனுப்பலாம். அனுப்புமுன் உறுதிசெய்யும் பொறுமையும், உறுதிசெய்வோருக்கு ஊதியம் தரும் மனமும் சமுதாயத்திற்கு உண்டா என்பதில்தான் மக்கள் இதழியலின் எதிர்காலம் அடங்கியுள்ளது.