புது எஞ்சின், பழைய அக்சில்

உழவு இயந்திரத்தின் வரலாற்றைத் தேடிப்போனால் முதலில் வருவது கண்டுபிடித்தவர்களின் பெயர்கள். ஹென்றி ஃபோர்ட், ஹரி ஃபெர்குசன். அதற்குப் பிறகு எஞ்சின் கதை: எத்தனை குதிரைவலு, எந்த ஆண்டு வந்தது, எத்தனை இலட்சம் விற்றது. ஆனால் பழைய ட்ரக்டரைத் திருத்தி ஓட வைக்கிற ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். எஞ்சினை எப்பிடியும் எழுப்பலாம், பின்பக்கம் எப்பிடி இருக்கு எண்டு சொல்லுங்கோ என்பார். கியர் பொக்ஸ் இரையுதா? அக்சில் ஆடுதா? வடிச்ச ஒயிலுக்குள்ள இரும்புத்தூள் மினுங்குதா?

எங்களுக்கு இவை வரலாற்றுக் கேள்விகளாகவே படுகின்றன. ஒரு அக்சில் எந்தப் பாரத்துக்காகச் செய்யப்பட்டது, பிறகு எந்தப் பாரம் அதன்மேல் ஏற்றப்பட்டது? இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் இயந்திரம் முறிகிறது. அந்த இடைவெளியை உண்டாக்கியவர் ஒருவர், அதற்கு விலை கொடுத்தவர் இன்னொருவர்.

முதலில் கொஞ்சம் பொறிமுறை. எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை சுற்றும். ஆழ உழும்போது பின் சில்லு சுற்றுவதோ பத்துத் தடவை அளவில்தான். இடையில் இருக்கும் பற்சில்லுகள் படிப்படியாக வேகத்தைக் குறைத்து, முறுக்கு விசையைக் கூட்டிக்கொண்டு போகின்றன. அதனால் அக்சிலுக்குப் பக்கத்தில் இருக்கும் கடைசிப் பற்சில்லுகளிலும் அவற்றைத் தாங்கும் பெயரிங்குகளிலும்தான் ஆகக்கூடிய விசை விழும். நல்ல ரோட்டில் ஓடும் காருக்கு அந்த உச்சம் எப்போதாவதுதான் வரும். வயலில் உழும் ட்ரக்டர் மணித்தியாலக் கணக்கில் அந்த உச்சத்திலேயே நிற்கும்.

1917இல் வந்த ஃபோர்ட்சன் இதற்கு முதல் உதாரணம். எஞ்சின், கியர் பொக்ஸ், பின் அக்சில் மூன்றின் வார்ப்பிரும்புக் கூடுகளையும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்து, அந்தக் கூடுகளையே வாகனத்தின் முதுகெலும்பாக்கினார்கள். தனியாக ஒரு சட்டகம் தேவைப்படவில்லை. விலை குறைந்தது. 1928 வரை அமெரிக்காவில் மட்டும் 7 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. பின்பக்கத்தில் இருந்தது வேம் கியர், அதாவது திருகாணி மாதிரியான ஒரு தண்டு பெரிய பற்சில்லைச் சுற்றுகிற அமைப்பு. சின்ன இடத்துக்குள் வேகத்தை நன்றாகக் குறைக்கும். ஆனால் அந்தத் தண்டு பல்லின்மேல் சறுக்கித்தான் வேலை செய்யும். சறுக்கினால் உராய்வு, உராய்ந்தால் சூடு. எஞ்சின் தந்த வலுவில் ஒரு பகுதி சில்லுக்குப் போகாமல் ஒயிலைச் சூடாக்கியே தீர்ந்தது. 1945இல் ஈ27என் மேஜர் வந்தபோதுதான் ஃபோர்ட்சன் வேம் கியரைக் கைவிட்டது. 28 வருடங்கள். ட்ரக்டரின் விலையில் மிச்சம் பிடித்ததை விவசாயி எரிபொருளில் கட்டிக்கொண்டிருந்தார்.

இதைவிடப் பெரிய கதை இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பனியுடையது. அமெரிக்க விவசாய இயந்திரச் சந்தையில் நீண்டகாலம் முதலிடத்தில் இருந்த கம்பனி. 1939இல் அது ஃபார்மோல் எம் என்ற ட்ரக்டரைக் கொண்டுவந்தது. சுமார் 35 குதிரைவலு. அந்த வலுவுக்கு அதன் பின்பக்கம் போதுமானது. பிறகு சுப்பர் எம், 400, 450 என்று ஒவ்வொரு மாதிரியிலும் எஞ்சினின் வலு கூடிக்கொண்டே போனது. 1954இல் டோர்க் அம்பிளிபயர் என்ற வசதியும் சேர்ந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு லிவரை இழுத்தால் வேகம் மூன்றில் ஒரு பங்கு அளவு குறைந்து இழுவை கூடும். உழுகிறவருக்குப் பெரிய உதவிதான். ஆனால் அதன் ஒருவழிக் கிளட்ச் காலப்போக்கில் தேய்ந்து வழுக்கும். லிவரை இழுத்தபடி இறக்கத்தில் போனால் எஞ்சின் வண்டியைப் பிடித்து வைத்திருக்காது. இந்த ட்ரக்டர்களைத் திருத்துகிறவர்கள் இன்றைக்கும் முதலில் சோதிக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

1958 ஜூலையில், இலினோய் மாநிலத்தில் ஹின்ஸ்டேல் என்ற இடத்திலிருந்த தன் பரிசோதனைப் பண்ணைக்கு 25க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 12,000க்கும் மேற்பட்ட முகவர்களை அழைத்து, கம்பனி புதிய மாதிரிகளைக் காட்டியது. பெரிய கவர்ச்சி 460, 560 இரண்டும்: ஆறு சிலிண்டர் எஞ்சின். 560இன் வலு 60 குதிரைவலுவை அண்டியது. ஆனால் அந்த எஞ்சினுக்குப் பின்னால் இருந்த கடைசிப் பற்சில்லுத் தொகுதி அடிப்படையில் 1939ஆம் ஆண்டினது. அடுத்த வருடமே வயல்களில் அது உடையத் தொடங்கியது. 1959இல் 460, 560, 660 மூன்றையும் திருத்துவதற்காகக் கம்பனி திருப்பி அழைக்க வேண்டி வந்தது. 1960இல் ஜோன் டியர் முழுக்கப் புதிதாக வடிவமைத்த ட்ரக்டர்களோடு வந்தது. கனபேர் அந்தப் பக்கம் போனார்கள். 1960களில் முதலிடம் கை மாறியது.

ஒரு அக்சில் ஒரு கம்பனியையே கவிழ்த்தது என்று கதையை முடிப்பது சுலபம். அப்படிச் சொல்ல முடியாது. அந்த விவசாயப் பிரிவு விற்கப்பட்டது 1980களின் நடுவில். 1979 கடைசியில் தொடங்கிய நீண்ட வேலைநிறுத்தம், கடன், அமெரிக்க விவசாய நெருக்கடி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. 560 எங்களுக்குக் காட்டுவது வேறொன்று. வெளியில் தெரிகிற பாகத்தைப் புதுசாக்கி, தெரியாத பாகத்தைப் பழசாகவே விடுகிற முடிவு ஒரு அலுவலகத்தில் எடுக்கப்படுகிறது. அது உடைவது விதைக்க வேண்டிய கிழமையில், ஒருவருடைய வயலில்.

ஆனாலும் 560 குப்பைக்குப் போகவில்லை. பின்பக்கம் ஒழுங்காகத் திருத்தப்பட்டவை இன்னும் ஓடுகின்றன, சேகரிப்பாளர்களும் தேடி வாங்குகிறார்கள். திருத்தும் வேலை பொறுமையானது. ட்ரக்டரை நடுவால் இரண்டாகப் பிரிக்க வேண்டும், ஏனென்றால் கியர் பொக்ஸ்தான் முதுகெலும்பு. தேய்ந்த பற்சில்லோடு புதுசைச் சேர்த்தால் புதுசும் சீக்கிரம் தேயும். அதனால் சோடியாகவே மாற்றுவார்கள். பெயரிங்கை எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் அனுபவம் இருக்கு. தளர்ந்தால் பற்கள் விலகிப் பிடிக்கும், கூட இறுகினால் எரிந்துபோகும்.

இந்தக் கதைக்கு எங்கட பக்கமும் ஒரு வழி இருக்கு. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு கூட்டுச் சேர்ந்துதான் மகிந்திரா 1963இல் பம்பாயில் பி-275 ட்ரக்டரைச் செய்யத் தொடங்கியது. அந்த மகிந்திராவையும் மெசி ஃபெர்குசனையும் இங்கே தெரியாதவர் இல்லை. ஆனால் இங்கே அவற்றின் அக்சில்கள் தாங்கியது வேறு பாரம். சேற்று உழவில் இரும்புச் சில்லு பூட்டி இறக்கினால் தண்ணி சீலைத் தாண்டி உள்ளே போகும்; ஒயில் பால்தேத்தண்ணி நிறத்துக்கு மாறும். உழவு முடிந்தால் பெட்டி கொழுவி மணல், விறகு, நெல் மூட்டை. 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து சனம் வெளியேறியபோதும், 2009இல் வன்னிக்குள் ஒவ்வொரு இடமாக நகர்ந்தபோதும், கூரைத்தகரம், பாத்திரம், நோயாளி, குழந்தை என்று வீடுகளே இந்தப் பெட்டிகளில் ஏறின. இந்தப் பாரத்தை எந்த வடிவமைப்பாளரும் கணக்கில் எடுக்கவில்லை.

அதோடு 1990களின் பொருளாதாரத் தடை. எரிபொருளும் உதிரிப்பாகங்களும் தட்டுப்பாடு. அமெரிக்க விவசாயிக்கு, தாமதமாக என்றாலும், கம்பனி வந்து திருத்திக் கொடுத்தது. இங்கே திருப்பி அழைக்க யாரும் இல்லை. கராஜ்காரர்தான் கம்பனி. ஒரு மெசினைக் கழற்றி இன்னொன்றை ஓட வைத்தார்கள், லேத்தில் கடைந்தார்கள், ஒட்டினார்கள். மண்ணெண்ணெயில் கார் ஓடிய கதையை எங்கள் தலைமுறை கேட்டிருக்கிறது. கியர் பொக்ஸ்களின் கதையைக் கேட்கவில்லை.

பிரித்தானிய வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜர்டன், தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்பிலிருந்து எழுதாமல் பாவனையிலிருந்தும் பராமரிப்பிலிருந்தும் எழுத வேண்டும் என்று வாதிடுகிறார். அந்த வாதத்துக்கு வடக்கைவிட நல்ல களம் கிடைப்பது கஷ்டம். 560இன் கதை எழுத்தில் இருக்கிறது, ஏனென்றால் ஒரு பெரிய கம்பனி நட்டப்பட்டது. தடைக்காலத்தில் எங்கட ட்ரக்டர்கள் எப்படி ஓடின என்பது இன்னும் சில பேருடைய கையிலும் நினைவிலும் மட்டும்தான் இருக்கு. அவர்களுக்கு வயசு போய்க்கொண்டிருக்கிறது.

கலைப்பீடத்தில் ஆய்வுத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான். உங்கட ஊர்க் கராஜுக்குப் போங்கோ. எந்தப் பாகம் அடிக்கடி போனது, என்ன வேலை செய்யும்போது போனது, அதுக்குப் பதிலா எதைப் போட்டீங்கள் என்று கேளுங்கோ. ஒலிப்பதிவு செய்யுங்கோ. பழைய பற்சில்லு ஒன்றை அவர் எடுத்துக் காட்டினால், எந்தப் பல் முறிந்திருக்கு என்று படமும் எடுத்து வையுங்கோ.