பெயரை நம்பிய காவல்: சூழல் மாறிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கணனியில் ஒரு செய்நிரல் மற்றொன்றை இயக்கும்போது, பெயரும் பெறுமானமுமாய் அமைந்த சில குறிப்புகளை அதற்குக் கையளிக்கின்றது. சூழல் மாறிகள் எனப்படும் இவை 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்றன. குறிப்பை எழுதியவர் யார் என்பதைப் பெறும் செய்நிரல் அறிதற்கு இவ்வமைப்பில் வழியில்லை. ஒரே பயனரின் எல்லைக்குள் இது பெருங்குறையன்று. அதிகாரம் கைமாறும் இடத்திலேயே இடர் தோன்றியது.

1993இல் உருவான சீ.ஜீ.ஐ. முறை அவ்விடரை வலைச் சேவையகத்துக்குக் கொணர்ந்தது. வருகையாளர் அனுப்பும் தலைப்புகள் 'எச்.ரீ.ரீ.பி.' என்னும் முன்னொட்டுப் பெற்று மாறிகளாயின. அன்றியும், பலருடைய செய்நிரல்கள் சேவையகத்தின் ஒரே கணக்கில் இயங்கியமையால், ஒருவரது கடவுச்சொற் கோப்பை மற்றொருவரின் செய்நிரல் படிக்கக்கூடியதாயிருந்தது. இதற்குப் பரிகாரமாக 1997இல் அப்பாச்சி 1.2 உடன் வந்ததே சுஎக்செக். அது ஒவ்வொரு செய்நிரலையும் உரியவரின் கணக்கில் இயக்கியது. சூழலைத் துடைத்து, தன் மூலநிரலிற் பொறிக்கப்பட்ட பட்டியலுக்கு இணங்கும் பெயர்களை மாத்திரம் அனுமதித்தது. நிருவாகி தானே வகுத்த மாறிகளும் இதனால் வழியில் மறைந்தன.

ஆயின் மேற்கூறிய முன்னொட்டுடைய எப்பெயரும் தடையின்றிச் சென்றது. எனவே தம் மாறிகளுக்கும் அம்முன்னொட்டையே சூட்டினர் சிலர். எளிய உபாயந்தான், ஆனால் அந்நியர் நுழையும் வாயிலும் அதுவே. சேவையகம் அம்மாறியை அமைக்கத் தவறும் இடத்தில், வருகையாளர் அதே பெயரில் ஒரு தலைப்பை அனுப்பினாற் போதும். 2016இல் 'எச்.ரீ.ரீ.பி.ஒக்சி' என அறியப்பட்ட குறைபாடு இவ்வினத்ததே: 'புரொக்சி' என்னும் தலைப்பு, வெளித்தொடர்புக்கான இடையாளைக் குறிக்கும் மாறியாக உருமாறியது. இக்குறை 2001லேயே ஒரு பேர்ள் நூலகத்திற் கண்டு திருத்தப்பட்டிருந்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது. பதினைந்து ஆண்டுகள்! 2014இன் செல்சொக் மற்றொன்றைக் காட்டிற்று: அனுமதிக்கப்பட்ட பெயரின் பெறுமானத்துள்ளும் கட்டளை ஒளிந்திருக்கலாம். சுஎக்செக் ஆராய்ந்ததோ பெயரை மாத்திரமே.

பட்டியலிற் புதுப்பெயரைச் சேர்த்து மூலநிரலை மீளத் தொகுப்பது நேரிய வழி. வாடகைச் சேவையகத்தில் இருப்போர்க்கு அது கைகூடாது. அவர்கள் மாறியை அமைத்துவிட்டு மூலச் செய்நிரலை அழைக்கும் சிறு உறைநிரலொன்றைத் தம் கணக்கிலேயே எழுதிக்கொள்ளலாம். அதனைப் பிறர் திருத்த இயலாதிருத்தல் வேண்டும். கடவுச்சொல்லுக்கு அதுவும் வேண்டியதில்லை. செய்நிரல் உரியவரின் கணக்கிலேயே இயங்குவதால், அவர் மட்டும் படிக்கத்தக்க ஒரு கோப்பை வலையடைவுக்கு வெளியே வைத்தால் அச்செய்நிரல் அதனை நேரே திறந்து படித்துக்கொள்ளும்.