இயந்திரம் பேசும் குரல்

எழுத்தைக் கொடுத்தால் கணினியே அதை ஒலியாக்கிப் பேசுவது செயற்கைக் குரல். காரில் வழிகாட்டும் செயலி, "இடப்புறம் திரும்பவும்" என்று சொல்வது இந்தக் குரலில்தான்.

இது புதியதல்ல. 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் 'வோடர்' என்ற கருவியை, ஆர்கன் வாசிப்பதுபோல் விசைகளை அழுத்திப் பேச வைத்துக் காட்டினார்கள்.

இதனால் பெரும் பயன் கண்டவர் இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங். 1985-இல் தொண்டையில் செய்த அறுவை சிகிச்சையால் அவருடைய பேச்சு பறிபோனது. பிறகு உலகம் கேட்ட அவரது 'குரல்', டென்னிஸ் கிளாட் என்ற அமெரிக்க ஆய்வாளர் தம் சொந்தக் குரலை வைத்து உருவாக்கியது. கிளாட் 1988-இல் காலமானார். ஹாக்கிங் 2018-இல் மறையும்வரை அந்தக் குரலிலேயே பேசினார். மேம்பட்ட குரல்கள் வந்தபோதும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் 'என்விடிஏ' மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழும் வாசிக்கும். ஆனால் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. கல், தங்கம், பகல் மூன்றிலும் 'க' ஒன்றுதான், ஒலி வேறு வேறு. இதற்காவது விதி இருக்கிறது. நம் ஊர்ப் பெயர்களுக்கு? 'பத்து காஜா' என்பதை எண் பத்து என்று எண்ணி வாசித்தால் பேராக்காரர்களுக்குச் சிரிப்புதான் வரும்.

இப்போதைய செயற்கை நுண்ணறிவு, ஒருவரின் குரலையே நகல் எடுக்கிறது. 2024-இல் 'லால் சலாம்' படப் பாடலுக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர்.ரகுமான் இப்படித்தான் மீட்டார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்ததாக அவர் தெரிவித்தார்.

மோசடிக்காரன் அனுமதி கேட்பதில்லை. சில விநாடிக் குரல் பதிவே அவனுக்குப் போதும். தோட்டத்தில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு, கோலாலம்பூரில் வேலை செய்யும் மகனின் குரலிலேயே, "அம்மா, விபத்து, உடனே பணம் அனுப்புங்க" என்று அழைப்பு வரலாம். பதறாமல் இணைப்பைத் துண்டித்து, மகனின் வழக்கமான எண்ணுக்கு நாமே அழைக்க வேண்டும். வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதும் நல்லது. பணத்தை அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் 997 என்ற தேசிய மோசடி மறுமொழி மையத்தின் எண்ணையும், உங்கள் வங்கியையும் அழையுங்கள்; பணம் அடுத்த கணக்குக்கு மாறிவிட்டால் மீட்பது கடினம்.