கிழக்கு வார்டு, மேற்கு வார்டு

போன வருடம் மாமா எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பினார். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் உள்ளங்கையில் ஒரு பிடி புழுங்கல் அரிசியை வைத்துக்கொண்டு பேசுகிறார். "நம்ம பாட்டன் பூட்டன் தோட்டத்துல இதத்தான் சாப்பிட்டான். அவன ஒரு நோயும் அண்டல. வெள்ளைக்காரன் மருந்து வந்த பிறகுதான் எல்லா நோயும் வந்துச்சு." கடைசி நிமிடத்தில் அரிசி மறைந்து ஒரு மூலிகைப் பொடி டப்பா வருகிறது. மூன்று மாதம் சாப்பிட்டால் சர்க்கரை நோய் வேரோடு போய்விடுமாம்.

மாமா ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். அந்தக் காணொளியை எனக்கு அனுப்பியபோது அவர் அரசாங்க கிளினிக் மாத்திரையை நிறுத்தி நாலு மாதம் ஆகியிருந்தது. எங்களுக்கு அது தெரிய வந்தது, கால் விரலில் வந்த புண் கறுத்து, ஆஸ்பத்திரியில் அந்த விரலை எடுத்த பிறகுதான்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நான் கோபத்தில் ஏதேதோ பேசினேன். பழைய சோறு, பாட்டன் பூட்டன், எல்லாம் ஏமாற்று வேலை என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப புழுங்கலரிசி கதையும் பொய்யா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அது பொய் இல்லை. அந்த உண்மை கண்டுபிடிக்கப்பட்ட இடங்களில் முக்கியமான ஒன்று நம்ம கோலாலம்பூர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் பெரிபெரி என்ற நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. முதலில் கால் மரத்துப் போகும். பிறகு வீங்கும், நடை தள்ளாடும். இதயம் பலவீனமாகி மனிதன் திடீரென்று செத்தும் போவான். கோலாலம்பூரில் 1900இல் மருத்துவ ஆய்வுக் கழகம் தொடங்கப்பட்டபோது, ஆராய வேண்டிய நோய்களில் முக்கியமானதாக இது இருந்தது. கிருமி என்றார்கள் சில டாக்டர்கள். மண்ணிலிருந்து எழும் கெட்ட காற்று என்றார்கள் சிலர். கட்டடத்தையே நோய் பிடித்திருக்கிறது என்று நம்பியவர்களும் உண்டு. மெத்தப் படித்த ஆங்கில டாக்டர்கள்தான் இவர்கள்.

ஆனால் ஒரு விஷயம் பலருடைய கண்ணில் பட்டது. சீனச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு நோய் அதிகம். தமிழ்த் தொழிலாளர்களுக்கு அரிது. சொந்த நெல்லைக் குத்திச் சாப்பிடும் மலாய் கிராமத்தாருக்கும் அரிது. நெகிரி செம்பிலானில் வேலை பார்த்த பிராடன் என்ற மருத்துவர் இதைப் பிடித்துக்கொண்டார். சீனர்கள் சாப்பிட்டது இயந்திரத்தில் தீட்டி வெளுத்த சயாம் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்த புழுங்கல் அரிசி. வித்தியாசம் அரிசியில்தான் என்றார் அவர்.

கதையை இங்கேயே நிறுத்தினால் மாமா அனுப்பிய காணொளி அப்படியே கிடைத்துவிடும். நம்ம ஆள் சாப்பிட்டான், நம்ம ஆளுக்கு வரவில்லை, ஆகவே அதுதான் மருந்து. ஆனால் தோட்டத்துத் தமிழனும் சுரங்கத்துச் சீனனும் அரிசியில் மட்டுமா வேறுபட்டார்கள்? வேலை வேறு, குடியிருப்பு வேறு, தொடுகறி வேறு, தண்ணீர் வேறு. இதில் எது காப்பாற்றியது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது.

அதைப் பிரித்துப் பார்த்தவர் வில்லியம் பிளெட்சர். இடம், கோலாலம்பூர் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. 1905இல் அங்கே பெரிபெரி கடுமையாகப் பரவியிருந்தது. அந்த வருடக் கடைசியில் அவர் நோயாளிகளை வரிசையாக நிற்கவைத்து எண்ணினார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் முற்றத்தின் கிழக்கு வார்டுக்கு. அவர்களுக்கு வழக்கமான சயாம் அரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்கள் மேற்கு வார்டுக்கு. அவர்களுக்குப் புழுங்கல் அரிசி. மற்ற சாப்பாடு எல்லாம் ஒன்றுதான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்து வருகிறது. பாதி வழியில், 1906 நடுவில், பிளெட்சர் வார்டுகளை மாற்றிவிட்டார். கிழக்கில் இருந்தவர்கள் மேற்கே போனார்கள், மேற்கில் இருந்தவர்கள் கிழக்கே வந்தார்கள். அரிசி மட்டும் ஆளோடு போனது. ஒருவேளை குற்றம் கட்டடத்தில் இருந்தால்? அப்படி இருந்தால் இந்த மாற்றத்தில் தெரிந்துவிடும். தன் சந்தேகத்தை அவர் தனக்கு எதிராகவே திருப்பிப் பார்த்திருக்கிறார்.

முடிவு 1907இல் 'லான்செட்' இதழில் வந்தது. சயாம் அரிசி சாப்பிட்ட 120 பேரில் நாலில் ஒருவருக்கும் மேல் நோய் கண்டது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் நோய் இருந்தது 2 பேருக்கு மட்டும். அந்த இருவரும் உள்ளே வரும்போதே நோயோடு வந்தவர்கள். புதிதாக ஒருவருக்கும் வரவில்லை.

அந்த 18 பேரைச் சும்மா கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் சம்மதம் கொடுக்கும் நிலையில் இல்லாதவர்கள். பூட்டிய வார்டில் கொடுத்த சோற்றைச் சாப்பிட்டவர்கள். இன்றைக்கு ஒரு மருத்துவர் அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. காலனிய மருத்துவத்தின் மேல் நமக்கு இருக்கும் சந்தேகத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு, இது அதில் ஒன்று. ஆனாலும் அவர்களுடைய சாவு கணக்கில் எழுதப்பட்டது. கணக்கில் எழுதியதால்தான் பின்னால் வந்தவர்கள் பிழைத்தார்கள்.

அடுத்து பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் வந்தார்கள். 1907இல் நெகிரி செம்பிலானின் டுரியான் திப்புஸ் காட்டுப் பகுதியில், சாலை போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். தீட்டிய அரிசி சாப்பிட்ட குழுவில் சுமார் மூன்று மாதத்தில் நோய் வந்தது. அரிசியை மாற்றினார்கள். நோய் நின்றது. இப்போது தீட்டிய அரிசிக்கு மாறிய மற்றக் குழுவில் நோய் தலைகாட்டியது.

பிராடன் ஜெயித்துவிட்டார் என்று நினைக்கத் தோன்றும். பாதிதான் ஜெயித்தார். பழைய பச்சரிசியில் பூஞ்சை வளர்ந்து விஷம் உண்டாகிறது என்பது அவருடைய விளக்கம். பிரேசரும் ஸ்டாண்டனும் அதைச் சோதித்தபோது, பூஞ்சையே இல்லாத புது அரிசியும் தீட்டினால் கோழிகளுக்கு நோயைத் தந்தது. ஆலையில் தள்ளிவிடும் தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தால் நோய் வரவில்லை. குற்றம் விஷத்தில் இல்லை, எதுவோ ஒன்று குறைவதில் இருந்தது. பக்கத்து ஜாவாவில் எய்க்மான் என்ற டச்சு மருத்துவரும் கிரைன்ஸும் கோழிகளை வைத்து ஏற்கனவே இந்தத் திசையில் போயிருந்தார்கள். 1926இல் அந்தப் பொருளை ஜாவாவிலேயே யான்சனும் டோனத்தும் பிரித்தெடுத்தார்கள். இன்று அதற்குப் பெயர் தயமின், வைட்டமின் பி1. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கு அடியில் இருக்கும் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை.

ஆக, மாமாவின் பாட்டனைப் புழுங்கல் அரிசி காப்பாற்றியது. பெரிபெரியிலிருந்து காப்பாற்றியது. "ஒரு நோயும் அண்டல" என்பதுதான் பொய். அதே தோட்டங்களில் அதே புழுங்கல் சோறு சாப்பிட்ட தமிழர்கள் மலேரியாவில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். கிள்ளானில் மால்கம் வாட்சன் 1901இல் சதுப்பு நிலத்தை வடிக்கத் தொடங்கியது அந்தச் சாவுகளின் நடுவில்தான். செத்தவர்கள் காணொளியில் பேச வருவதில்லை. பிழைத்தவனின் பேரன்தான் வருகிறான். அதனால் பாட்டன் காலத்தில் எல்லாருமே நன்றாக இருந்தது போலத் தெரிகிறது.

சந்தேகம் என்றாலே நம்ம வைத்தியத்தைக் கேவலப்படுத்துவது என்று எடுத்துக்கொள்கிறோம். நானும் கட்டிலருகே அன்று அப்படித்தான் பேசினேன், அது தப்பு. மாமா நிறுத்திய மாத்திரை மெட்ஃபார்மின். அதன் பூர்வீகம் ஐரோப்பாவில் நாட்டு வைத்தியத்துக்குப் பயன்பட்ட கலேகா என்ற செடி. மூலிகை என்பதால் அதை யாரும் ஒதுக்கவில்லை, மூலிகை என்பதற்காகவே நம்பவும் இல்லை. எவ்வளவு கொடுத்தால் கேட்கும், யாருக்குக் கெடுதல் செய்யும் என்று பார்த்தார்கள். கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் எண்ணினார்கள். அந்தப் பொடி டப்பாவுக்குப் பின்னால் எண்ணிப் பார்த்த ஒரு வார்டும் கிடையாது.

டப்பாவில் பதிவு எண் இருக்கிறதே என்றார் மாமா. நம் நாட்டில் 'மால்' என்று தொடங்கி 'டி' என்று முடியும் எண் பாரம்பரியப் பொருளுக்குத் தரப்படுவது. தரத்தையும் பாதுகாப்பையும் பார்த்துத் தருவது அது. சர்க்கரையைக் குணமாக்கும் என்ற சான்றிதழ் இல்லை. 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டப்படி, நீரிழிவைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதே குற்றம்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டி வைத்திருந்தார். குறுக்கே பேசவில்லை. வார்டை மாற்றிய இடத்தில் மட்டும், "கெட்டிக்காரன்" என்றார். பிறகு போனை எடுத்தார். பொடி விற்றவரின் எண் இன்னும் அதில் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, இந்தப் பொடிய இதுவரைக்கும் எத்தன பேருக்குக் குடுத்திருக்கீங்க?"

"ஆயிரக்கணக்குல ஐயா. எல்லாம் சந்தோஷமா இருக்காங்க."

"அதுல எத்தன பேருக்குக் கேக்கல?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவர், நம்பிக்கையோடு சாப்பிட வேண்டும் ஐயா, என்று தொடங்கினார். மாமா போனை வைத்துவிட்டு, உள்ளே இருந்த அத்தையிடம் கிளினிக் அட்டையை எடுத்துவரச் சொன்னார்.