தன்மை வினையடை

தன்மை வினையடை என்பது ஒரு செயல் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை உணர்த்தும் சொல் ஆகும். 'மெதுவாக நடந்தான்' என்னும் தொடரில் 'மெதுவாக' என்பது தன்மை வினையடை. ஆங்கிலத்தில் 'ஸ்லோலி', 'குயிக்லி', 'வெல்' முதலியன இவ்வகையின. வினையுரிச்சொல் என்றும் இதனைப் பாடநூல்கள் வழங்குகின்றன. எனினும் மரபிலக்கணம் கூறும் உரிச்சொல் வேறு. 'சால', 'உறு', 'தவ', 'நனி' போன்றவை மிகுதியை உணர்த்துவனவே அன்றிச் செயலின் தன்மையை உணர்த்துவன அல்ல. 'மெல்லப் பேசினான்' என்பதிலுள்ள 'மெல்ல' என்பதை மரபிலக்கணம் குறிப்பு வினையெச்சம் என்னும்.

மூன்று மொழிகளின் விகுதிகள்

புதுச்சேரியில் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மூன்றும் கற்பிக்கப்படுகின்றன. 1956 ஆம் ஆண்டு இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம் பிரெஞ்சு மொழிக்கு அங்கு இடமளித்தது. இம்மூன்று மொழிகளும் வினையடையை உருவாக்க விகுதி சேர்க்கின்றன. ஆனால் விகுதிகளின் பிறப்பு வேறுபட்டது.

ஆங்கில 'லி' விகுதி, 'உடல், வடிவம்' எனப் பொருள்படும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சு 'மான்' விகுதி, 'மனத்தோடு' எனப் பொருள்படும் இலத்தீன் 'மென்தே'யிலிருந்து வந்தது. அந்த இலத்தீன் சொல் பெண்பால் என்பதனால்தான், பிரெஞ்சில் பெரும்பாலும் பெயரடையின் பெண்பால் வடிவத்தோடே இவ்விகுதி சேர்கிறது ('லாந்த்' என்பதிலிருந்து 'லாந்த்மான்', அதாவது மெதுவாக). தமிழின் 'ஆக', 'ஆய்' இரண்டும் 'ஆகு' என்னும் வினையின் எச்ச வடிவங்கள்.

விகுதி பெறாத ஆங்கில வினையடைகளும் உண்டு: 'ஃபாஸ்ட்', 'ஹார்ட்'. பழைய ஆங்கிலத்தில் இவற்றின் இறுதியில் இருந்த உயிரொலி பிற்காலத்தில் தேய்ந்து மறைந்ததால் பெயரடையும் வினையடையும் ஒரே வடிவாயின. ஆகவே சாலைப் பலகைகளில் காணப்படும் 'கோ ஸ்லோ' என்பதைப் பிழை எனக் கொள்ள வேண்டியதில்லை.

சொற்றொடரில் இடம்

மாணவர்கள் மிகுதியாக இடறுவது இங்கேதான். தமிழில் வினைமுற்று இறுதியில் வருவதால் வினையடை அதற்கு முன்னரே அமையும்: 'அவள் ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறாள்'. பிரெஞ்சில் 'நன்றாக' என்னும் சொல் வினைக்கும் செயப்படுபொருளுக்கும் இடையில் வரும்: 'எல் பார்ல் பியன் ஆங்க்லே'. ஆங்கிலம் இவ்விடைநுழைவைப் பொதுவாக ஏற்பதில்லை. 'ஷி ஸ்பீக்ஸ் இங்கிலிஷ் வெல்' என்பதே சரி. பிரெஞ்சும் கற்ற மாணவர் 'ஷி ஸ்பீக்ஸ் வெல் இங்கிலிஷ்' என எழுதினால் அதன் காரணம் கவனக்குறைவாக இராது, பிரெஞ்சு வழக்கின் செல்வாக்காக இருக்கலாம்.

இடம் மாறினால் சில வேளை பொருளும் மாறும். 'ஹி ஆன்சர்ட் த கொஸ்டின் ஃபூலிஷ்லி' என்றால் அவன் அளித்த விடை அறிவற்றது. 'ஹி ஃபூலிஷ்லி ஆன்சர்ட் த கொஸ்டின்' என்றால் அவன் விடையளித்ததே அறிவற்ற செயல். விடை சரியானதாகவும் இருக்கலாம். தமிழில் இவ்வேறுபாட்டை இடமாற்றத்தால் காட்டுவது கடினம். 'விடையளித்தது அறிவீனம்' எனத் தொடரையே மாற்ற வேண்டும்.

மயக்கம் தரும் சொற்கள்

'ஹார்ட்' என்பதுடன் 'லி' சேர்த்தால் 'கடினமாக' என்றாகாது. 'ஹார்ட்லி' என்பதற்கு 'அரிதாகவே' என்று பொருள். வேலைக்கான விண்ணப்பத்தில் 'ஐ வொர்க் ஹார்ட்லி' என எழுதுபவர், தாம் ஏறக்குறைய வேலையே செய்வதில்லை என்று அறிவிக்கிறார். 'ஃபிரெண்ட்லி' என்பது 'லி'யில் முடிந்தாலும் பெயரடையே. அதனை வினையோடு நேரே சேர்த்தல் வழக்கன்று, 'இன் எ ஃபிரெண்ட்லி வே' என்று எழுதுவர்.

தமிழின் இரட்டைக்கிளவிகளுக்கு ஆங்கிலத்தில் நேரான வினையடை பெரும்பாலும் கிடைப்பதில்லை. 'சலசலவென ஓடியது', 'கிடுகிடுவென நடுங்கினான்' போன்றவற்றில் தமிழ் வினையடையில் வைக்கும் தன்மையை ஆங்கிலம் பெரும்பாலும் வினைச்சொல்லுக்குள்ளேயே அடக்கிவிடும். நடுங்குதலுக்கே 'ஷிவர்', 'டிரெம்பிள்', 'குவேக்' எனத் தனித்தனி வினைகள் உள்ளன.