பழைய பெட்டியும் புதிய கார்டும்

ராஜாக்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ராஜா எந்த வருஷம் பட்டத்துக்கு வந்தான், எந்தப் போரில் தோற்றான் என்பதையெல்லாம் கல்வெட்டும் செப்பேடும் சொல்லிவிடும். சாமான்களின் சரித்திரத்தை எழுத முற்படுகிறவனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. தையல் மிஷினுக்கும் தகர விளக்குக்கும் மெய்க்கீர்த்தி பாடியவர் யார்? ஆனாலும் ஜனங்களுடைய வாழ்க்கையை ராஜாக்கள் மாற்றியதைவிடச் சாமான்கள் மாற்றியதே அதிகம் என்பது என் கட்சி. அந்தக் கட்சிக்குச் சாட்சி சொல்ல இன்று ஒரு சின்னச் சாமானை அழைக்கிறேன். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் செருகும் ஒரு பலகை அது. கிராபிக்ஸ் கார்டு என்று பெயர்.

"பையன்கள் சுட்டு விளையாடுவதற்கு வாங்கும் சாமானுக்கெல்லாம் சரித்திரமா?" என்று சில வாசகர்கள் முகம் சுளிக்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் அந்த விளையாட்டுகளை ஆடுகிறவனல்ல. கதை எழுதுகிறவன். ஆனால் இல்லாத ஊரை இருப்பதாகக் காட்டி, அந்த ஊரில் படிப்பவரை நடக்கவிடுவதுதான் என் தொழிலும். ஆகையால் அதே தொழிலை வேறு கருவியால் செய்தவர்களின் கதையில் எனக்கு ஒரு பங்காளி அக்கறை உண்டு.

1996-ம் வருஷம் ஜூன் மாதம் 22-ந் தேதி, அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தைச் சேர்ந்த இட் ஸாப்ட்வேர் என்னும் சிறு கம்பெனி 'க்வேக்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதற்கு முன் 1993 டிசம்பரில் அவர்கள் வெளியிட்ட 'டூம்' உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கியிருந்தது. ஆனால் டூமில் ஒரு சின்ன மோசடி இருந்தது. அதன் வீடுகளில் ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை இருக்க முடியாது. அதில் வரும் பூதங்கள் எல்லாம் அட்டையில் வெட்டி நிறுத்திய தட்டைப் படங்கள். க்வேக்கில் அந்த மோசடி இல்லை. மாடிக்கு மேல் மாடி உண்டு. பூதத்தைச் சுற்றி வந்து அதன் முதுகையும் பார்க்கலாம். ஜான் கார்மாக் என்ற இளைஞர் அதன் கணக்கு வேலைக்குத் தலைமைத் தச்சர். அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தவர் மைக்கேல் அப்ராஷ்.

இந்தக் கணக்கு என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ரயில் தண்டவாளத்தின் நடுவே நின்று பார்த்தால் இரண்டு தண்டவாளங்களும் தூரத்தில் ஒன்று சேருவதுபோல் தெரிகிறதல்லவா? பொருளின் அளவைத் தூரத்தால் வகுத்தால் கண்ணுக்குத் தெரியும் அளவு கிடைக்கிறது. நம் கண் இந்த வகுத்தலைக் கூலி கேட்காமல் செய்துவிடுகிறது. கம்ப்யூட்டர் அப்படிச் செய்யுமா? அன்றைய திரையில் குறுக்கே 320 புள்ளி, நெடுக்கே 200 புள்ளி, ஆக 64,000 புள்ளிகள். சுவரில் ஒட்டிய கல்லின் படம் கோணாமல் தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வகுத்தல் போட வேண்டும். செகண்டுக்கு இருபது படம் என்று வைத்துக்கொண்டாலும் 12,80,000 வகுத்தல்! கூட்டலும் பெருக்கலும் கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வகுத்தல் என்றால் மட்டும் அதற்கும் நம் பள்ளிக்கூடத்துப் பையன்களைப்போலத்தான், கால் பின்னும்.

கார்மாக்கும் அப்ராஷும் ஒரு தந்திரம் செய்தார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் வகுக்காமல் பதினாறு புள்ளிக்கு ஒரு முறை வகுத்து, நடுவில் உள்ளவற்றை உத்தேசமாக நிரப்பினார்கள். இன்டெல் கம்பெனியின் பெண்டியம் சில்லுக்குள், தசம எண்களின் வகுத்தல் ஒரு மூலையில் நடந்துகொண்டிருக்கும்போதே மற்றொரு மூலை புள்ளிகளை நிரப்பிக்கொண்டிருக்கும். ஒரு கையால் ரசத்தைத் தாளித்துக்கொண்டே மறு கையால் அப்பளம் பொரிக்கும் சாமர்த்தியம்! பெண்டியம் வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். அதற்கு முந்திய 486 சில்லு வைத்திருந்தவர்களும், மலிவாக இருக்கிறதென்று சைரிக்ஸ் கம்பெனியின் சில்லை வாங்கியவர்களும் திண்டாடிப்போனார்கள். அந்தச் சைரிக்ஸ் சில்லு ஆபீஸ் வேலையில் பெண்டியத்துக்கு இளைத்ததல்ல. கணக்கப்பிள்ளை உத்தியோகத்தில் மகா கெட்டிக்காரன், சிலம்பக் களத்தில் இறங்கினால் தடுமாறினான், அவ்வளவுதான்.

ஒரு நல்ல கம்ப்யூட்டர் 2,000 டாலர் அளவுக்கு விற்ற காலம் அது. இரண்டு வருஷத்துக்கு முன்தான் தகப்பனார் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பெட்டி வாங்கியிருப்பார். அதில் வீட்டுக் கணக்கு எழுதலாம், கடிதம் எழுதலாம், எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. திடீரென்று ஒரு விளையாட்டு வந்து, "உன் பெட்டி கிழடாகிவிட்டது" என்று சொல்கிறது. பழசைத் தூக்கி எறிவதா, புதுசுக்கு ஏங்குவதா? நடுத்தரக் குடும்பங்களில் எந்தச் சாமானைப் பற்றியும் எழக்கூடிய கேள்விதான். அமெரிக்காவில் எழுந்தாலும் அதன் வலி நமக்குத் தெரியாததல்ல.

அந்தக் கேள்விக்கு மூன்றாவதாக ஒரு பதிலைக் கண்டுபிடித்தவர்கள் ரோஸ் ஸ்மித், காரி டாரோலி, ஸ்காட் ஸெல்லர்ஸ் என்ற மூவர். மூவரும் ஸிலிகான் கிராபிக்ஸ் என்ற பெரிய ஸ்தாபனத்தில் வேலை பார்த்தவர்கள். ஜிம் கிளார்க் என்பவர் ஆரம்பித்த ஸ்தாபனம் அது. 'ஜுராஸிக் பார்க்' படத்தில் பல்லி அரக்கர்களை நடமாடவிட்டவை அதன் இயந்திரங்கள். சாதாரண மனிதன் அவற்றின் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். மூவரும் அங்கே கற்ற வித்தையை மூட்டை கட்டிக்கொண்டு வெளியே வந்து, கார்டன் கேம்பெல் என்பவர் கொடுத்த முதலுடன் 1994-ல் கலிபோர்னியாவின் ஸான் ஹோஸே நகரில் 'த்ரீடிஎஃப்எக்ஸ்' என்ற சிறு கம்பெனியைத் தொடங்கினார்கள். அவர்களுடைய சில்லுக்கு 'வூடூ' என்று பெயர்.

முதலில் காசு போட்டு ஆடும் கூடங்களின் இயந்திரங்களுக்கென்றுதான் வூடூவை விற்றார்கள். வீட்டுப் பெட்டிக்கு அது விலை ஒத்துவராது என்று தோன்றியது. அப்போது அதிர்ஷ்டம் குறுக்கிட்டது. 1996-ல் ஞாபகச் சில்லுகளின் விலை மளமளவென்று சரிந்தது. ஒரு கார்டுக்கு நாலு மெகாபைட் ஞாபகம் வேண்டும், அது கட்டுப்படியாகிவிட்டது. அந்த வருஷக் கடைசியில் 300 டாலருக்கு ஒரு டாலர் குறைவாக வூடூ கார்டு கடைக்கு வந்தது. சரித்திரத்தில் மேதைகளுக்கு இருக்கும் இடத்தில் பாதியாவது விலைவாசிக்கும் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அந்தக் கார்டு வேலை செய்த விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. பெட்டிக்குள் ஏற்கெனவே இருந்த பழைய கார்டை அது வெளியேற்றவில்லை. கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் பழைய கார்டே போதும். பழைய கார்டிலிருந்து ஒரு கம்பி புதிய கார்டுக்கு வரும். புதிய கார்டிலிருந்து திரைக்குப் போகும். மற்ற நேரமெல்லாம் புதியவர் வாயைத் திறக்காமல், பழையவர் தரும் படத்தை அப்படியே திரைக்கு அனுப்பிக்கொண்டிருப்பார். விளையாட்டு ஆரம்பித்ததும், முதலில் வந்த ஆர்க்கிட் கம்பெனிக் கார்டில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். உள்ளே ஒரு சின்ன விசை மாறிய சத்தம் அது. அந்தக் கணத்திலிருந்து திரை புதியவர் கையில். பழைய வீட்டை இடிக்காமல் அதன்மேல் ஒரு மாடி எழுப்பியதுபோன்ற வேலை.

1997 ஜனவரியில் கார்மாக் க்வேக்கை இந்த மாதிரிக் கார்டுகளுக்கு ஏற்றபடி திருத்தி, ஏற்கெனவே விளையாட்டை வாங்கியவர்கள் மேற்கொண்டு காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார். அதற்கு அவர் கையாண்ட பாஷை 'ஓபன்ஜிஎல்'. அந்தப் பாஷையை 1992-ல் உலகுக்குக் கொடுத்தது எந்த ஸ்தாபனம் தெரியுமா? அதே ஸிலிகான் கிராபிக்ஸ்தான்! த்ரீடிஎஃப்எக்ஸ்காரர்கள் அந்தப் பெரிய பாஷை முழுவதையும் தங்கள் சின்னக் கார்டுக்குக் கற்பிக்க முடியாதென்று, க்வேக்குக்கு வேண்டிய சொற்களை மட்டும் கற்பித்தார்கள். வெளியூர்ச் சந்தைக்குப் போகிறவன் விலை கேட்க மட்டும் அவ்வூர்ப் பாஷையைக் கற்றுக்கொள்வதில்லையா?

'டிக்' சத்தத்துக்குப் பிறகு திரையில் வந்ததைப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். 64,000 புள்ளிகள் இருந்த இடத்தில் 3,07,200 புள்ளிகள். கிட்டே போனால் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்த சுவர் இப்போது மெழுகியதுபோல் வழவழத்தது. பெட்டி பழைய பெட்டி. உள்ளே இருக்கும் பெண்டியமும் பழையது. வகுத்தல் வேலையைக் கார்டு தலையில் போட்டுக்கொண்டதால் அந்தக் கிழவருக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது, அவ்வளவுதான்!

எல்லாக் கிழவருக்கும் இந்தப் பாக்கியம் கிட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கார்டைச் செருகுவதற்கு 'பிசிஐ' என்ற புதுமாதிரித் துளை வேண்டும். அது இல்லாத பெட்டிகளுக்குக் கதவு மூடியே இருந்தது. துளை இருந்தாலும், பூதம் எங்கே நிற்கிறது, குண்டு எங்கே பட்டது என்பதையெல்லாம் பெட்டியின் சொந்த மூளைதான் கணக்கிட வேண்டும். மடை எவ்வளவு அகலமாயிருந்தாலும் வாய்க்கால் குறுகலாயிருந்தால் வயலுக்குத் தண்ணீர் பாயுமா? பிற்பாடு துளைகளும் மாறின. 1997-ல் 'ஏஜிபி' வந்தது. 2004-ல் 'பிசிஐ எக்ஸ்பிரஸ்' வந்தது. ஒவ்வொரு மாறுதலின்போதும் ஒரு தலைமுறைப் பெட்டிகள் வாசலுக்கு வெளியே நின்றன.

1998-ல் இரண்டாவது வூடூ வந்தது. அதில் இரண்டு கார்டுகளை ஒரே பெட்டியில் பூட்டலாம். திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒன்று தீட்டும், இரட்டைப்படை வரிகளை மற்றது தீட்டும். ஜோடிக் காளை பூட்டிய வண்டிதான். த்ரீடிஎஃப்எக்ஸுக்கு இனி ஈடு இணையே இல்லை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அப்படி எல்லோரும் நினைக்கும் இடத்தில்தான் நாவலாசிரியர்கள் அத்தியாயத்தைத் திருப்புவார்கள். சரித்திரமும் அதையே செய்தது. அதுவரை த்ரீடிஎஃப்எக்ஸ் சில்லை மட்டும் செய்தது. கார்டு செய்து விற்றவர்கள் டயமண்ட், ஆர்க்கிட், கிரியேட்டிவ் முதலிய வேறு கம்பெனிகள். "லாபத்தை ஏன் பங்கு போட வேண்டும்? நாமே கார்டும் செய்யலாமே!" என்று நினைத்து, 1998 டிசம்பரில் எஸ்டிபி என்ற கார்டுக் கம்பெனியை வாங்கப்போவதாக அறிவித்தார்கள். நேற்றுவரை கூட்டாளிகளாக இருந்தவர்கள் இன்று போட்டியாளர்கள் ஆனார்கள். அவர்கள் சில்லுக்கு வேறு வாசல் தேடிப் போனார்கள். அந்த வாசலில் என்விடியா நின்றுகொண்டிருந்தது.

1993-ல் ஜென்ஸென் ஹுவாங், கிறிஸ் மாலகௌஸ்கி, கர்ட்டிஸ் பிரீம் என்ற மூவர் ஆரம்பித்த கம்பெனி அது. அவர்களுடைய முதல் சில்லு உருவங்களை வளைந்த பரப்புகளால் கட்டியது. ஊரெல்லாம் முக்கோணங்களால் கட்டுவது என்று முடிவாகிவிட்டதால் அது விலைபோகவில்லை. மூடுவிழா நடத்த வேண்டிய நிலைமை. ஜப்பானிய விளையாட்டுக் கம்பெனியான சேகா கொடுத்த 50 லட்சம் டாலர்தான் உயிர் காத்தது. 1997-ல் முக்கோணச் சில்லு செய்து பிழைத்து, 1999-ல் 'ஜீஃபோர்ஸ் 256' என்ற சில்லைக் கொண்டுவந்தார்கள். அதுவரை பெட்டியின் மூளை செய்துவந்த இன்னும் பல கணக்குகளை அது ஏற்றுக்கொண்டது. த்ரீடிஎஃப்எக்ஸின் புதிய கார்டுகளோ தாமதத்துக்குமேல் தாமதம். 2000 டிசம்பரில் அதன் சொத்துக்களை என்விடியாவே வாங்கிக்கொள்ள ஏற்பாடாயிற்று. 2002 அக்டோபரில் த்ரீடிஎஃப்எக்ஸ் திவால். தாய்வீடான ஸிலிகான் கிராபிக்ஸும் தப்பவில்லை. 2006-லும் 2009-லும் அது திவால் மனுக் கொடுத்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். 2012-ல் கனடாவின் டொரான்டோ சர்வகலாசாலையைச் சேர்ந்த அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா ஸட்ஸ்கேவர், ஜெஃப்ரி ஹின்டன் மூவரும் ஒரு பரீட்சை செய்தார்கள். 12 லட்சம் படங்களைக் காட்டி, இது பூனை, இது படகு என்று இனம் பிரிக்க ஓர் இயந்திரத்தைப் பழக்கினார்கள். பழக்கம் முடிய ஐந்தாறு நாள் பிடித்தது. அதற்கு உபயோகப்பட்டவை, கடையில் பையன்கள் விளையாட்டுக்காக வாங்கும் என்விடியா கார்டுகள் இரண்டு! பூதத்தின் முதுகைத் தீட்டுவதற்காகப் பிறந்த பெருக்கல் கணக்கும், பூனையை அடையாளம் காணும் பெருக்கல் கணக்கும் ஒரே சாதி என்று அன்று ருசுவாயிற்று. இன்று செயற்கை அறிவு என்று உலகம் பேசுகிறதே, அதன் பெரிய வாசல்களில் ஒன்று அன்று திறந்தது.

2023 ஜனவரியில் முடிந்த கணக்கு வருஷத்தில் என்விடியா விளையாட்டுப் பிரிவில் சுமார் 900 கோடி டாலருக்கு விற்றது. பெரிய கணக்குக் கூடங்களுக்கு விற்றதோ 1,500 கோடி டாலர். பெரிய வாடிக்கைக்காரர் வந்தால் சில்லறை வாடிக்கைக்காரர் ஓரமாக நிற்க வேண்டியதுதானே? 2021-ல் சில்லுப் பஞ்சம் வந்தபோது, கார்டுகள் பட்டியல் விலையைப்போல் இரு மடங்குக்குப் போனதும் உண்டு. பழைய பெட்டியை வைத்துக்கொண்டு ஒரே ஒரு கார்டுக்காகக் காத்திருந்தவன் வெறுங்கையோடு திரும்பினான்.

இந்தச் சரித்திரத்தில் என் மனம் நிற்பது மேதைகளிடம் அல்ல, திவாலானவர்களிடமும் அல்ல. 1997-ல் 300 டாலரை எண்ணிக் கொடுத்த அந்தப் பெயர் தெரியாத பையன்களிடமும் அவர்களுடைய தகப்பனார்களிடமும்தான் நிற்கிறது. பழசை எறியாமல் புதுசைத் தொட்டுவிட வேண்டும் என்ற சாதாரணக் குடும்பத்து ஆசை அவர்களுடையது. பெரிய ஸ்தாபனங்கள் வைத்துக்கொண்டிருந்த வித்தையை அந்த ஆசைதான் விலை கொடுத்து வாங்கி, வீதிக்குக் கொண்டுவந்து, வளர்த்து ஆளாக்கியது. அவர்களுக்குக் கல்வெட்டு இல்லை. ஆனால் பெரிய கூடங்களில் ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கும் சில்லுகள் இரவும் பகலும் பெருக்கல் போடும்போது, அந்தக் கணக்கின் முதல் தவணை யாருடைய பையிலிருந்து வந்தது என்பதை யாராவது ஒருவர் எழுதி வைக்க வேண்டாமா? அதற்காகத்தான் இதை எழுதினேன்.